ஏன் கேள்விக்கு இரண்டு மார்க்

தேரடி வீதியில் வளையல் கடைக்கு மேலே இருந்த டுடோரியலில், தர்மசந்திரன் சாரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் பெயிலானதே இல்லை என்று திருவண்ணாமலையில் ஒரு பேச்சு. பேச்சுதான். பெயிலானவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவார்கள்?

அவருடைய சாமர்த்தியமெல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. கேள்வித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதைப் படித்துவிட்டுக் கீழே உள்ள ஐந்து கேள்விக்குப் பதில் எழுது என்பார்கள் இல்லையா, அந்த இடம். சார் அந்தப் பத்தியைப் படிக்கவே மாட்டார். மாணவர்களையும் படிக்க விடமாட்டார். "உள்ளே போய் மாட்டிக்காதீங்க. கேள்வி எந்த ரகம்னு பாருங்க, போதும்" என்பார். யார் என்று கேட்டால் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைப் பிடி. எப்போது என்றால் எண்ணைத் தேடு. ஏன் என்று கேட்டால், கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் எந்த வரியில் வருகிறதோ அதை அப்படியே தூக்கி, முன்னால் ஒரு 'பிகாஸ்' போடு. 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்கும் கேள்வி இருக்கிறதே, அதன் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. அது கான்வென்ட் பிள்ளைகளுக்கு. ஒன்பது வருஷமாக இதைச் சொல்லித்தான் அவர் பேர் வாங்கினார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அந்த வகுப்பில் ராஜம்மாள் சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை. அடி அண்ணாமலையில் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை. மற்ற பாடமெல்லாம் முடித்துவிட்டாள், இங்கிலீஷ் மட்டும் இரண்டு தரம் காலை வாரிவிட்டது. அந்தக் கூடத்திலேயே அமைப்பாளர் இடம் காலியாகப் போகிறது, வருஷக் கடைசிக்குள் பத்தாவது சர்டிபிகேட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அக்டோபர் பரீட்சையை விட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

அவளிடம் சாருக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. பத்தியைப் படிப்பாள். கிழிந்த அகராதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய அசைய, ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். மற்றவர்கள் ஐந்து கேள்வியையும் முடித்து ஜன்னலில் கோபுரத்தை வேடிக்கை பார்க்கும்போது அவள் மூன்றாவது வரியில் இருப்பாள்.

ஒரு நாள் வைத்த மாதிரித் தேர்வில் வந்த பத்தி இதுதான். விளக்கு வைத்த பிறகு ஒரு கிழவர் மகள் வீட்டுக்கு வருகிறார். மகள் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். கதவு வழியாக அடுப்பின் மேலிருக்கும் சின்னப் பானை கிழவருக்குத் தெரிகிறது. "வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்கிறார். நான்காவது கேள்வி: கிழவர் ஏன் அப்படிச் சொன்னார்? சார் முறைப்படி பதில், 'ஏனென்றால் அவர் வழியிலேயே சாப்பிட்டுவிட்டார்.' எல்லாரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ராஜம்மாள், 'ஏனென்றால் அவர் பானையைப் பார்த்தார்' என்று எழுதியிருந்தாள்.

சார் நோட்டைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார். "பானையைப் பாத்தாலே வயிறு ரொம்பிடும்னா உனக்கு வேலையே இல்லியேம்மா! புள்ளைங்களுக்குப் பானையைக் காட்டிட்டு வீட்டுக்கு அனுப்பிடலாமே!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. ராஜம்மாளும் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்வாள்? சார் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். மறுநாள் சாயங்காலம் இந்தக் கதையை மனைவி ஜெயமதியிடம் சொல்லாமல் இருந்திருந்தால் சார் நிம்மதியாகவே செத்திருப்பார். சமண வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். ஐந்தரை மணிக்கு இலையில் உட்கார்ந்தபடி, சிரித்துச் சிரித்துச் சொன்னார். "வழியிலேயே சாப்பிட்டுட்டேன்னு சொல்ற மனுஷன் சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பான்? இது கூடத் தெரியல அந்தம்மாவுக்கு."

ஜெயமதி சிரிக்கவில்லை. மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா நம்ம பழைய வீட்டுக்கு வந்தாரே, நெனப்பிருக்குதுங்களா?"

"எப்போ?"

"கல்யாணமான வருஷம். இதே நேரம்தான். பானையில நம்ம ரெண்டு பேருக்கே கம்மியாத்தான் சோறு இருந்துச்சு. மறுபடி உலை வைக்கறதுக்குள்ள பொழுது போயிடும். அவர் எட்டிப் பாத்தாரு. வழியிலேயே முடிச்சிட்டேன்மான்னாரு."

சாருக்கு நினைவு வந்தது. தான் சொன்னதும் சேர்ந்தே வந்தது. "அப்ப நல்லதாப் போச்சு மாமா" என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார். இரண்டாம் தரம் போடச் சொல்லியும் கேட்டிருந்தார்.

"இருட்டறதுக்குள்ள ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சாரு. காலையில வரைக்கும் அதுதான்" என்றாள் ஜெயமதி. "நீங்க கேக்கலியேன்னு நானும் சொல்லல."

இலையில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. மாமனார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சாரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தார். அகராதியைக் கட்டி அழும் ஒரு ஆயாவுக்கு நான்கு வரியில் தெரிந்தது, கட்டிய மாப்பிள்ளைக்கு நேருக்கு நேர் பார்த்தும் தெரியாமல் போயிற்றே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆறரைக்கு வகுப்பில் நின்றபோது, ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடங்கிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் சொன்னார், அந்த அளவுக்கு மனுஷன்தான்.

"நேத்து நான் தப்பு பண்ணிட்டேன். ராஜம்மா எழுதினதுதான் சரி. நான் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்ல. படிக்காமலேயே அந்தம்மாவைக் கேலி பண்ணிட்டேன்."

ராஜம்மாளின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவள் கவலையோடு எழுந்து நின்றாள்.

"அப்ப பரீட்சையில நான் எழுதினதையே எழுதலாமா சார்?"

"எழுதலாம்மா."

"பேப்பர் திருத்தறவரு பத்தியைப் படிச்சிருப்பாரா சார்?"

அவள் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். படித்திருப்பார் என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷம் படிக்காமலே திருத்தின கை, சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ரெண்டு மார்க் சார். போன தபா ரெண்டு மார்க்லதான் போச்சு." ராஜம்மாள் உட்கார்ந்து, அளவுகோலை வைத்துத் தன் பதிலை அடித்தாள். அதற்குக் கீழே சார் முறைப்படி அந்த வரியை எழுதினாள். எழுந்து வந்து நோட்டை மேஜைமேல் வைத்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க நேத்து சொன்னதையே எழுதிக்கறேன். சரியா இருக்குதா பாருங்க."

அவள் காத்துக்கொண்டு நின்றாள். தர்மசந்திரன் சார் சிவப்புப் பேனாவைத் திறந்து, சரி போட்டு, இரண்டு மார்க் கொடுத்தார்.