மணல்காரர்

ஏற்றத்தில் இன்ஜின் சக்கரம் மூன்றாவது முறையும் வழுக்கியது. வண்டி பின்னால் சரிந்து நின்றது. சாமான் பெட்டியில் அப்பாவைச் சுற்றியிருந்த பாய் நகராமலிருக்க ஜெனெபா முழங்காலால் முட்டுக்கொடுத்தாள்.

விடியற்காலையில் அவர் கெனெமா நகர ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊரில் குழி வெட்டியாகிவிட்டது. சூரியன் விழுவதற்குள் வந்தால் இன்றே அடக்கம், இல்லையென்றால் நாளைதான் என்று இமாம் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் புழுக்கத்தில் உடல் நாளைவரை தாங்காது.

கார்டு மெட்ஸ்கர் வந்து எட்டிப் பார்த்தார். மழையில் தண்டவாளம் வழவழத்துக் கிடக்கிறதாம். வண்டியை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை மேலே விட்டுவிட்டு இன்ஜின் திரும்பி வருமாம். சாமான் பெட்டி பின்பாதியில் இருந்தது.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம். மூணும் ஆகலாம் தங்கச்சி.”

இந்த ஏற்றத்தில் இருபத்திரண்டு வருடம் இன்ஜினுக்கு முன்னால் நடந்து, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் போட்டவர் அப்பா. இரண்டரை அடிப் பாதை, சின்ன இன்ஜின், அதற்கு முன்னால் ஒரு மனிதன். லைனை மூடப் போவதாக முடிவானதும் முதலில் அந்த வேலையைத்தான் எடுத்தார்கள். தேய்ந்த முழங்காலோடு வீட்டுக்கு வந்தார். அதுவரை தினமும் காதிலும் சட்டை மடிப்பிலும் மணலோடுதான் வருவார். அம்மா வாசலிலேயே உதறச் சொல்வாள். ஜெனெபாவுக்கும் அந்த மணல் பிடிக்காது.

மூன்று இரவுகளாகத் தூங்காதவள் இறங்கி இன்ஜினிடம் போனாள். டிரைவர் போக்காரி புகைத்துக்கொண்டிருந்தார்.

“இருந்தவரைக்கும் உங்கப்பன்தான் என்னை ஏத்திவிட்டான். இன்னைக்குப் பாரு, படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்குறான்.”

“மணல் இருக்கா?”

“பெட்டி நெறையக் கெடக்கு. மணல் விழுற குழாய் அடைச்சு ஒரு வருஷமாச்சு. யாரு போடுறது?”

“வாளியக் குடுங்க.”

அவர் சிகரெட்டை அணைத்தார். “அள்ளிக் கொட்டினா வண்டி இழுக்காது.”

“தெரியும். அப்பாவுக்குச் சோறு கொண்டாந்தப்ப பாத்திருக்கேன்.”

பாரம் குறைய, பயணிகளை இறங்கி நடக்கச் சொன்னார் கார்டு. நடக்கவா சீட்டு வாங்கினேன் என்று மீன்காரி ஒருத்தி கடைசிவரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

ஜெனெபா வாளியை இடுப்புத் துணியால் வயிற்றோடு கட்டிக்கொண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் நடந்தாள். இரண்டு கையாலும் இரண்டு தண்டவாளத்திலும் மெல்லிசாகத் தூவினாள். முதுகில் இன்ஜினின் சூடு. வழியில் இரண்டு முறை சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. திரும்பிப் பார்க்காமல் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள். மூன்று முறை வாளி நிரப்பினார்கள். வண்டி முழுசாக ஏறியது.

ஊர் ஸ்டேஷனில் ஆண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பெண்கள் குழிக்குப் போகும் வழக்கமில்லை. அவள் வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளே சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா, காலடிச் சத்தம் கேட்டு, நிமிராமலே சொன்னாள்:

“வாசல்லயே உதறிட்டு வா.”



ஜெனெபா வாசலுக்குத் திரும்பிப் போய்த் துணி மடிப்பை அவிழ்த்து உதறினாள். அடக்கத்தலத்துப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை உதறிக்கொண்டே இருந்தாள்.