போர்டு இன்னும் பஸ்ஸில்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பெரம்பலூரில் சின்னதாக எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருந்த வளர்மதி சொன்னது. நடந்தது 2005இல். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'சுண்ணாம்புக்கல் தூசியில் அரியலூரே வெளுத்துக் கிடந்த ஒரு காலையில்...'

(வேண்டாம். கதை நடப்பது பெரம்பலூரில், ஃபேன் ஓடும் ஓர் அறையில்.)

2

அரியலூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்தில் கல் சுமந்து ஓடும் பெல்ட் உண்டு. ஓரமாகக் கட்டிய கயிற்றை இழுத்தால் அது நிற்க வேண்டும். நிறுத்துவது வளர்மதி பட்டறையில் செய்த எலக்ட்ரானிக் போர்டுகள். பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கல்லை அள்ளும் தர்மன் அந்தக் கயிற்றைத்தான் நம்பியிருக்கிறான்.

அனுப்புமுன் ஒவ்வொரு போர்டையும் பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் சோதிக்கும். 'நில்' என்று போர்டில் எழுதும். பதிந்ததா என்று திரும்பப் படிக்கும். பதிந்திருந்தால் பாஸ். நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித் தருவது கம்பைலர். அந்த ஆடியில் புதுக் கம்பைலர் போட்டார்கள். வீண் வேலை என்று பட்டதைத் தானே கழித்துவிடும் கெட்டிக்காரக் கம்பைலர்.*

* என் கதைகளைத் திருத்துபவரும் இப்படித்தான். அந்தக் கோபத்தை இங்கே தீர்த்துக்கொள்ளப் போவதில்லை.

3

பழைய புரோகிராமில் 'இந்த வரியைக் கழிக்காதே' என்று சொல்லும் ஒரு குறிப்புச்சொல் இருந்தது. புதுக் கம்பைலருக்கு அது தெரியவில்லை. பில்ட் ஆக, அதாவது இயந்திரத்துக்கு ஏற்ப மாற, புரோகிராம் மறுத்தது. பட்டறையில் வேலை பார்த்த பிரசாத் அந்தச் சொல்லை எடுத்துவிட்டான். பில்ட் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாப் போர்டும் பாஸ்.

(பிரசாத்தை முதலில் சோம்பேறியாக எழுதியிருந்தேன். அநியாயம். சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தவன். அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.)

4

புரட்டாசியில் ஒருநாள், பழுதான பழைய போர்டு ஒன்றை அரியலூரிலிருந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள். அங்கே சாமான்கள் அப்படித்தான் வரும். பிரசாத் ஏதோ நினைப்பில் டெஸ்டை ஓட்டிவிட்டான்.

"அக்கா, பாஸ்னு வந்துடுச்சுக்கா."

"எது?"

"அரியலூர் போர்டு."

"அது இன்னும் பஸ்ஸுல வருதுடா!"

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். போர்டு மாட்டும் இடம் காலி. தடுக்கும் குறிப்புச்சொல் இல்லாததால், இப்போது எழுதியதை இப்போதே படிப்பானேன் என்று கம்பைலர் திரும்பப் படிக்கும் வரியைக் கழித்திருந்தது. போர்டை யாரும் கேட்கவே இல்லை. ஆடியிலிருந்து பாஸான போர்டுகள் எல்லாம் சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

5

ஒரு முடிவு: புரோகிராமைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறார்கள். போர்டுகள் நல்லவையாகவே இருந்துவிடுகின்றன. (இருக்கலாம்.)

இன்னொரு முடிவு: தர்மனின் சட்டை பெல்ட்டில் மாட்டுகிறது, அவன் கயிற்றை இழுக்க... இதை நான் எழுத மாட்டேன்.

வளர்மதி போனை எடுத்தார். மறுமுனையில் சுரங்கத்துச் சூப்பர்வைசர் இளையபெருமாள்.

"சார், மெயினை ஆஃப் பண்ணி பெல்ட்டை நிறுத்துங்க."

"எதுக்கும்மா? எல்லாத்துலயும் பாஸ்னு நீங்கதான ஒட்டி அனுப்புனீங்க? இங்க லாரிங்க வரிசையா நிக்குது. என்னான்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க, நிறுத்துறேன்."

எனக்கே இதை விளக்க இவ்வளவு பக்கம் ஆயிற்று. வளர்மதி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. போனை உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் பேசுங்கள். தர்மன் பெல்ட்டுக்கு அடியில் குனிந்திருக்கிறான்.