ஒரு ஆள் போதும்

எத்தனையாவது இன்டர்வியூ என்று எண்ணுவதைத் தசரதன் விட்டுவிட்டிருந்தார். டைப்ரைட்டர் விற்றே தலை நரைத்தவர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை அவர் படியேறாத ஆபீஸ் கிடையாது. 1991 பிறந்ததும் கம்பெனி மெட்ராஸ் கிளையை மூடிவிட்டது. அதன்பிறகு போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள், டீ கொடுத்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

இந்த முறை தூரம் போகவேண்டியதில்லை. சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பஜாரில், மருந்துக் கடைக்கு மேலே கிளை திறந்திருந்தது. ஃபேக்டரிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரை விற்க ஒரு சேல்ஸ் மேனேஜர் வேண்டுமாம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர், வியர்வையில் நனைந்த சட்டை காயும்வரை மாடிப்படியிலேயே நின்றார்.

கிளை மேனேஜர் கங்காவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கரண்ட் போயிருந்தது.

"டெமோ காட்டலாம்னு இருந்தேன் சார், முடியாது போல. என்னை ஒரு ஃபேக்டரி மேனேஜர்னு வெச்சுக்குங்க. கம்ப்யூட்டர் இல்லாமலே வித்துக் காட்டுங்க."

தசரதனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் மனைவி ஜோதி மண்ணூரில் பம்ப் ஃபேக்டரி ஒன்றின் டைம் ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள். மனைவி என்று சொல்லாமல், மண்ணூர் ஃபேக்டரியில் நடப்பதாக அவள் படும் பாட்டையே சொன்னார். ஓ.டி. விட்டுப்போய் வரும் சண்டை, எத்தனை முறை கூட்டினாலும் ஒத்துவராத தொகை, சோறு பிசையக்கூட விடாத மணிக்கட்டு வலி. பேசப் பேசப் பழைய சரளம் திரும்பிவந்தது.

"நல்லா பேசறீங்க. ஆனா யார் கை வலிச்சா மேனேஜருக்கு என்ன சார்? அங்க எத்தனை பேர்?"

"அஞ்சு பேர், மேடம்."

"இது வந்தா ஒரு ஆள் போதும். அதைச் சொல்லுங்க. அதுக்குத்தான் வாங்குவாங்க."

எழுந்து போய்விடலாம். போனால், மறுபடியும் வேறொரு மாடிப்படி.

"ஒரு ஆள் போதும், சார். மத்தவங்க சம்பளம் உங்களுக்கு மிச்சம்," என்றார், ஃபேக்டரி மேனேஜரிடமே சொல்வதுபோல. குரல் கொஞ்சமும் தடுமாறாதது அவருக்கே பிடிக்கவில்லை.

வேலை அங்கேயே உறுதியாயிற்று. முதலில் மண்ணூருக்குப் போங்கள் என்றார் கங்கா. ஜோதியைப் பற்றித் தசரதன் வாயைத் திறக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த ஜோதியிடம் எதையும் மறைக்க முடியவில்லை.

"ஒரு ஆள் போதும்னு நீங்களே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். "சந்திரம்மாள் புருசன் இல்லாதவ. என் பக்கத்து சீட்டு. அவ மூஞ்சியில நான் எப்டி முழிப்பேன்?"

"வேணாம்னு சொல்லிடறேன், விடு."

"இன்னா வேணாம்? வேற எவனாச்சும் வந்து விப்பான். நீங்களே போங்க. அந்தம்மா சொன்னதை மட்டும் சொல்லாதீங்க."

மண்ணூரில் அவர் அதைச் சொல்லவில்லை. கணக்கு தப்பாது, தகராறு வராது என்று மட்டுமே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபேக்டரி மேனேஜரே கேட்டார்: "அது சரி, எத்தனை பேரைக் குறைக்கலாம்?"

"நாலு பேராவது வேணும், சார். ஒருத்தரைக் குறைக்கலாம்," என்று தசரதன் பொய் சொன்னார். மேனேஜர் தலையாட்டினார். ஆர்டர் கிடைத்தது.

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வாரத்தில் ஒருநாள் ஜோதி சீக்கிரமே வீடு திரும்பினாள்.

"புருசன் மேனேஜராயிட்டாரு, உனக்கு எதுக்கும்மா வேலைன்னு கேட்டாங்க. நாளையிலர்ந்து வரவேணாமாம்."

தசரதன் அவள் கையிலிருந்த டிபன் டப்பாவை வாங்கி வைத்தார்.

"சந்திரம்மாள்?" என்று மெல்லக் கேட்டார்.

"அவ இருக்கா." புடவைகூட மாற்றாமல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் எழுப்பாதீங்க. அரிசி நீங்களே களைஞ்சு போட்டுடுங்க."