பூங்காவுக்கு அடியில் வாய்க்கால்

சூசையப்பர் நகருக்கும் மடையடிக்கும் நடுவே பன்னிரண்டு அடித் தார்ச்சாலை ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பின்கோடு, ஒரே டிரான்ஸ்பார்மர். ஆனால் மழைக்காலத்தில் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி மடையடி என்று சொல்லிப் பாருங்கள். நகர் வளைவோடு இறக்கிவிடுகிறேன், உள்ளே வண்டி போகாது என்பான். நகர் மேடு, மடையடி பள்ளம். அந்த மேடு கடவுள் கொடுத்ததல்ல. நெல் விளைந்த வயலில் நாலடி மண் கொட்டி வந்தது.

மதிவதனி இதைத்தான் எழுதிக் கொடுத்தாள். நகரின் வெள்ளிவிழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னவரே நகர்ச் சங்கச் செயலாளர் ரெமிஜியஸ் சார்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பேத்தி பிரின்ஸிக்கு இவள் ட்யூஷன் எடுக்கிறாள். வரலாற்றில் எம்.ஏ.; மடையடியில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மாதா கெபி கட்டிய ஆண்டு, தெருக்களுக்குப் புனிதர்களின் பெயர் வைத்த கதை, முதலில் குடிவந்த வாத்தியார் குடும்பங்கள் எல்லாம் எழுதினாள். கூடவே வி.ஏ.ஓ. ஆபீசில் பழைய நில அளவைப் புலப்படத்தைப் பார்த்து, இன்றைய சிறுவர் பூங்காவுக்கு அடியில் மூன்று மீட்டர் அகலத்தில் பாசனத்துக்கும் வடிகாலுக்குமாக ஒரு வாய்க்கால் ஓடியது என்று ஒரு பத்தி சேர்த்தாள். சார் சிவப்பு மையால் அந்தப் பத்தியை மட்டும் குறுக்கே அடித்தார்.

அடித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். பூங்கா ஓரத்தில் ஒரு முழம் அகலச் சாக்கடை மிச்சமிருந்தது. மடையடித் தண்ணீர் வடிய அது ஒன்றுதான் வழி. அதையும் அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பச் சங்கம் செங்கல் இறக்கியது. போன ஐப்பசியில் அந்தச் சாக்கடை இருக்கும்போதே காளியம்மாள் வீட்டுச் சுவர் ஊறி விழுந்து அவளுடைய கால் முறிந்தது. இந்த வருஷம் சுவரும் வந்துவிட்டால்?

மதிவதனி தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள். மடையடியில் கையெழுத்துக் கேட்டபோது பெரியவர்கள் போட்டார்கள்; ஆனால் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிப்பேர் நகரில் வேலை பார்க்கிறவர்கள், பயப்படுகிறார்கள் என்று நினைத்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் அப்பா இராஜாங்கமே நகர்ப் பூங்காவின் தோட்டக்காரர்தான். அவரிடம் அவள் கையெழுத்தே கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை வருவாய் ஆய்வாளர் தியாகராசன் பூங்காவுக்கு வந்தார். வானம் கருத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் நகர்க்காரர்கள், அந்தப் பக்கம் மடையடிக்காரர்கள். இராஜாங்கம் காக்கிச் சட்டையோடு ரெமிஜியஸ் சாருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வாளர் படத்தை விரித்தார், சுற்றிப் பார்த்தார், மடித்தார். அளவு தொடங்கவேண்டிய எல்லைக்கல் பைபாஸ் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. சர்வேயர் வந்து வேறு கல்லிலிருந்து அளந்துவர மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை சுவரை நிறுத்தச் சொல்லத் தனக்கு முகாந்திரம் இல்லை என்றும் சொன்னார்.

"படத்தப் பாத்தா தஞ்சாவூர்ல பாதி ஊரு குளத்து மேலதாம்மா நிக்குது" என்றார் ரெமிஜியஸ் சார். "எல்லாத்தையும் தோண்டிரலாமா?"

"பாதி ஊரு கெடக்கட்டும் சார். எங்க தெருவுல கட்டில் மிதக்குது."

சார் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. பூங்காவில் வாய்க்கால் என்று எழுதினால் நாளைக்கு அதே கோடு வரிசையாக வீடுகளுக்குள் போகும். பன்னிரண்டு வருஷச் சேமிப்பில் கட்டிய அவர் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது.

ஆய்வாளர் பைக்கின் சாவியை எடுத்தார். இன்னும் இரண்டு நாளில் சுவர் எழும்பிவிடும். 

இராஜாங்கம் குழாயைக் கீழே போட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊஞ்சலைத் தாண்டிப் போய், தெற்கு மூலையிலிருந்து ஏழு தப்படி வைத்து நின்றார். வெட்டத் தொடங்கினார். என்ன செய்கிறாய் என்று சார் இரண்டு முறை கேட்டும் அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். தொடை ஆழத்தில் மண்வெட்டி கல்லில் மோதியது. கையால் மண்ணை வழித்தார். தண்ணீரை அடைக்கப் பலகை இறக்கும் காடி வெட்டிய மடைக்கல், நட்டது நட்டபடி நின்றது. எதிரே அதன் ஜோடி.

ஆய்வாளர் படத்தை மறுபடி விரித்தார். வாய்க்கால் கோட்டின் மேல் மடை குறித்திருந்தது; இனி அளக்க அந்தக் கல்லே போதும்.

"உமக்கு எப்படிய்யா தெரியும்?"

"நாந்தாங்க மூடுனேன்." இராஜாங்கம் குழிக்குள் இருந்தபடியே சொன்னார். "பிளாட் போட்டவரு ஒடச்சுட்டு மூடச் சொன்னாரு. ஆடியில மொதத் தண்ணி வர்றப்ப பொம்பளைங்க மஞ்சப் பூசிக் கும்புட்ட கல்லுங்க. கடப்பாரை போடக் கை வரல. நிக்க வச்சே மண்ணத் தள்ளுனோம்."

மதிவதனி குழிக்குள் பார்த்தாள். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே நகர்க்காரனைத் திட்டிய அப்பா. ஜே.சி.பி. வைத்து மூடினார்கள் என்று அவளுக்குச் சொன்ன அப்பா.

"காளியம்மா பெரியம்மாவுக்குக் கால் ஒடஞ்சப்பகூட வாயத் தொறக்கலையேப்பா" என்றாள்.

அவர் கல்லில் ஒட்டிய மண்ணை விரலால் சுரண்டினார்.

சுவர் வேலையை இன்றே நிறுத்த எழுதுவதாக ஆய்வாளர் சொன்னார். ஆனால் மூடியவர் யார் என்று வாக்குமூலம் வேண்டும், நாளைக்கு வழக்கு வந்தால் அந்தப் பெயரும் வரும் என்றார். 

காளியம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு குழியோரம் வந்தாள்.

"எம் பேரையும் எழுதுங்க. இவன் வெட்டுனான், மண்ணு சொமந்தது நானு. அப்ப வயலும் போயி வேலையும் இல்ல. எந்த மண்ணுன்னு யாரு பாத்தா?"

அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது. பிறகு இன்னும் இரண்டு. மனுவில் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள். யாரைத் திட்டுவது என்று மதிவதனிக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இப்போது அவள் தெருவே எதிரில் வரிசையாக நின்றது.

"பூங்கா சாவியக் குடுத்துட்டுப் போ இராஜாங்கம்" என்றார் ரெமிஜியஸ் சார், தணிந்த குரலில். இராஜாங்கம் கையைச் சட்டையில் துடைத்துச் சாவியைக் கொடுத்தார்.

வாக்குமூலம் எழுத ஆய்வாளர் வெள்ளைத் தாளை மதிவதனியிடம் நீட்டினார். அவள் ஊஞ்சல் பலகையில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தாள். 

"மொதப் பேரு என்னோடது" என்றார் இராஜாங்கம். "இனிஷியலோட எழுதும்மா."