நின்றுகொண்டு போக மாட்டேன்

அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்ட உடம்பு அது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். ஆனாலும் தலை வாரி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள்போல் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லீவு நாளும் அதுவுமா நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டுத் தூங்கலாம்னு பாத்தா, சாவுக்கு ஒத்திகையாம்! சொல்லவே நாக்கு கூசுது."

"சாகப்போறது நானு. உனக்கு எங்கடி வலிக்குது?"

"வாயைக் கழுவு."

"கழுவியாச்சு. பல்லும் விளக்கியாச்சு."

அக்கா இந்தப் பேச்சை எடுத்தாலே தங்கை குழாயைத் திறந்துவிடுவாள். இல்லையென்றால் மிக்சியை ஓடவிடுவாள். உள்ளே போட ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓடும்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனதில் ஆரம்பித்த வினை இது. இவர்கள் இருப்பது ஐந்தாவது மாடி. லிஃப்டில் நாலு பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால்தான் கதவு மூடும். பிண வண்டியோடு வந்த ஆட்கள், படிக்கட்டில் தூக்கச் சோம்பல்பட்டு, அந்த மனிதரைப் பலகையோடு கட்டி நிமிர்த்தி, லிஃப்டுக்குள் நிற்க வைத்து இறக்கிவிட்டார்கள். கதவு மூடும்போது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. 'அப்ப வரட்டுமா?' என்று தன்னைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது அக்காவுக்கு.

அன்றிலிருந்து ஒரே பிடி. "ஆயுசு பூரா ஸ்கூல் பஸ் ஓட்டிக் காலை மடக்கியே உக்காந்தவடி நான். போறப்பவாவது நீட்டிப் படுத்துக்கிட்டுப் போகணும். நின்னுக்கிட்டுப் போக மாட்டேன்."

அந்த நேரம் வரும்போது வீட்டில் இருக்கப்போவது தங்கை ஒருத்திதான். அவள் பதறிப்போய் "ஏதோ பண்ணுங்க" என்று அந்த ஆட்களிடம் சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. அதனால்தான் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க அக்கா இந்தப் பாடு பட்டாள். தங்கையோ பிடிகொடுக்கவே இல்லை. படி வழியாகப் படுத்தபடியே இறக்க முடியும் என்று காட்டத்தான் இந்த ஒத்திகை.

தம்பி வந்து சேர்ந்தான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவன் தொழில். தேக்குக் கட்டிலை ஒற்றை ஆளாய் முதுகில் சுமந்து இறங்கியதால் 'கட்டில்' என்றே பெயராகிவிட்டது. கூடவே அவனுடைய கூட்டாளி. அவன் யாருக்கும் மச்சான் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் மச்சான்தான். ஒரு கட்டில் பலகையும், பீரோ கட்டுகிற பட்டைகளும் கொண்டுவந்திருந்தார்கள்.

அக்கா தாவாத குறையாகப் பலகையில் படுத்தாள். "இறுக்கிக் கட்டுடா. சட்டுனு கிளம்பு!"

"பீரோ கனம் இருக்கியேக்கா."

"பாதி உடம்பு கரைஞ்சு போச்சு. புளுகாத!"

படியில் இறங்கத் தொடங்கினார்கள். அக்காவுக்கு வாய் ஓயவில்லை. "லெஃப்ட்ல ஒடி! சுவத்துல உரசப் போற! மச்சான், கீழ இறங்குறப்ப கியரைக் குறைப்பா!" தங்கை கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

நாலாவது மாடியில் படி வளைகிற இடத்தில் பலகை சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் கம்பி. தம்பியின் புத்தி யோசிப்பதற்கு முன்னால் பழகிய கை வேலை செய்துவிட்டது.

"நிமித்து மச்சான்!"

பீரோவைத் திருப்புவதுபோல் இருவரும் ஒரே தம்மில் பலகையை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து நாலாவது மாடி டெய்லர் குப்பைக் கூடையோடு கதவைத் திறந்தார். எதிரே, பலகையில் கட்டப்பட்டு, விறைப்பாக அக்கா.

"ஐயோ! போயிட்டீங்களா தாயீ!" கூடை உருண்டது.

"இன்னும் இல்லைங்க. வளைவுல மாட்டிக்கிட்டேன்."

மச்சானுக்குச் சிரிப்பில் பட்டை நழுவியது. டெய்லர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அக்காவும்தான் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"கடைசில என்னையும் நிக்கத்தானே வச்சீங்க," என்றாள்.

"பலகை திரும்பாதுக்கா. இங்க நிமித்தாம முடியாது," என்று தம்பி முனகினான்.

தங்கை அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மேலே ஏறிப் போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கெட்டியான கட்டில் விரிப்பு இருந்தது. அவளுக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஓரம் கிழிந்ததென்று கழித்துக்கட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"பலகையை அவுத்துவிடு. பலகைதானே திரும்பாது? மனுஷி திரும்புவா."

அக்காவை விரிப்பின் நடுவே படுக்க வைத்தாள். ஒரு மூலையை உள்பக்கமாகப் பந்துபோல் சுருட்டி, ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினாள். "இப்படிப் பிடிக்கணும். தண்ணி சொட்டுற விரிப்பே இந்தப் பிடியில நழுவாது. டெய்லரண்ணே, பராக்குப் பாக்காம அந்த மூலையைப் பிடிங்க."

மச்சான் தலைப்பக்கம் கை வைக்கப் போனான்.

"தள்ளு. அது என் பக்கம். எப்பவும் என் பக்கம்தான்," என்றாள் தங்கை.

அக்கா அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

விரிப்பு வளைவில் வளைந்தது, திருப்பத்தில் திரும்பியது. எங்கேயும் இடிக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் அக்காவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஓவர்டேக் பண்ணுங்கடா!" என்று அவள் போட்ட கூச்சலில் எல்லா மாடியிலும் கதவு திறந்தது. தரைத்தளத்தில் மெல்ல இறக்கி வைத்தபோது காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். "படுத்துக்கிட்டே வந்துட்டேன்டீ! இன்னொரு தடவை போலாமா?"

"கொன்னுடுவேன்," என்றாள் தங்கை, மூச்சு வாங்க.

தம்பியும் மச்சானும் படியில் போக, மற்றவர்கள் லிஃப்டில் ஏறினார்கள். அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு தங்கை. ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு டெய்லர். கதவு மூடியதும் தங்கை தொண்டையைக் கனைத்தாள்.

"என்ன உடுத்திவிடணும்னு சொல்லவே இல்லையே?"

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த மாம்பழ நிறச் சுடிதார்! இல்ல இல்ல, நீலம். கை வச்சது."

"நீலம் இப்போ தொளதொளன்னு நிக்கும்," என்றாள் தங்கை.

"அளவு குடுங்க, பிடிச்சுத் தரேன்," என்றார் டெய்லர்.

"ஒரு பாக்கெட் வைங்க!"

"எதுக்குக்கா பாக்கெட்?"

"கையை எங்க வைக்கிறது பின்ன?"

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. பேச்சு மும்முரத்தில் யாரும் இறங்கவில்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.