பேச்சை எழுதும் பலகை

“ஏலே, கேட்டுத் தொலைய வேண்டியதுதானே?”

“கேட்டா அவுக தலையக் குனிஞ்சிருவாக. குனிஞ்சா நான் உதட்ட எப்பிடிப் பாக்க?”

“சம்மதம்னு குனிஞ்சாளா, சிரிப்ப அடக்கக் குனிஞ்சாளான்னு தெரியாதாக்கும்?”

“அதத்தான்க்கா சொல்றேன்.”

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மதலேனாளிடம் பேசியது, வகுப்பறை ஏணியில் நின்று வயரை இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் எட்வினுக்கு இப்போதும் நினைவில் ஓடியது.

பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. இருபது வருஷமாக எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறான். தன் குரல் கோணிப்போயிருக்குமோ என்ற கூச்சத்தில் வெளியாட்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். ரீட்டா டீச்சர் மட்டும் அவன் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றுதான் பேசுவாள். அதில்தான் மனுஷன் விழுந்தான்.

வகுப்புக்கு வந்திருந்த புது டிஜிட்டல் பலகையைக் காலையில் அவன்தான் மாட்டினான். மூன்றாம் பெஞ்சு அனுசுயாவுக்கும் காது கேட்காது. அவளுக்காக ரீட்டா கேட்டு வாங்கியது. அது என்ன செய்யும் என்று அவன் விசாரிக்கவில்லை.

மேசையில் மைக்கை வைத்துவிட்டு, ஏணிக்கு முதுகு காட்டி, ரீட்டா பாடத்தைத் தொடங்கினாள். அவள் பேசப் பேசப் பலகையில் எழுத்துகள் ஓடின.

“திராட்சைக் கொடிக்குக் கண்ணு கிடையாது. ஆனா பந்தல் கம்பி எங்கன இருக்குன்னு தடவிப் பாத்தே பிடிச்சுக்கிரும்.”

எட்வினின் கை அப்படியே நின்றது. திரும்பி நிற்கிறவர்கள் பேசுவது அவனுக்கு இருபது வருஷமாகப் பூட்டிய வீடு. இப்போது அவள் முதுகுக்கு அப்பால் பிறக்கிற ஒவ்வொரு சொல்லும், கோயிலில் மெழுகுவர்த்தி ஒன்றிலிருந்து ஒன்று பற்றுவதுபோல, அவன் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு விடவும் பயமாக இருந்தது.

அடுத்த வரி வந்தது: “டீச்சர், ஏணியில நிக்கிற அண்ணே அழுவுறாக.”

“தூசி விழுந்திருக்கும். நீ பலகையப் பாரு, விஜய்ராஜ்.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ரீட்டா குனிந்து நோட்டுகளை அடுக்கினாள்.

எட்வின் ஏணியிலிருந்து இறங்கி மேசையருகே வந்தான். மைக்கின் பக்கம் குனிந்து, “கரண்டு” என்று மட்டும் சொல்லிப் பார்த்தான். பலகை பிசகில்லாமல் ‘கரண்டு’ என்று எழுதியது. சிறுவனாக இருந்தபோது தொலைத்த தன் குரலை அவன் முதல்முறையாகப் பார்த்தான். அது கோணவில்லை.

ரீட்டாவின் கை மைக்கை அணைக்கப் போனது.

“அணைக்காதீக டீச்சர்.” அதுவும் எழுத்தாயிற்று. “ஒண்ணு கேக்கணும். நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டே பதில் சொன்னாலும் சரி, நான் அங்கன வாசிச்சுக்கிறேன். என்னையக் கட்டிக்கிறீகளா?”