ஒரு கோட்டுக்கு இரண்டு அட்டை

கெலிஓயாவில் ஹுதைபா ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அதில் அவரும் நானும் ஏழு வருடமாக உலகத்தைச் சிறிதாக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் பஸ் செய்வார். நான் மலை செய்வேன். அவருடைய பஸ் ஒன்றில் ஐம்பத்துநான்கு இருக்கைகள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே கண்டக்டர் "பின்னால போங்க, பின்னால போங்க" என்று கத்துவது கேட்கும். என் மலைகள் அதைவிட மோசம். ஹந்தானை மலையை நான் செய்து முடித்த அன்று, உண்மையான மேகம் ஒன்று ஜன்னலால் வந்து உச்சியில் உட்கார்ந்தது. பக்கத்தில் கொதித்த கேத்தலின் ஆவிதான் அது என்கிறார் ஹாஜியார். பொறாமை, வேறென்ன.

நான் நில அளவைக் கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் படம் வரைந்து ஓய்வுபெற்றவன். வரைபடத்தில், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைத் தொட்டபடி கோடுகள் வளைந்து போகும். ஒவ்வொரு கோட்டின் வடிவத்துக்கும் ஓர் அட்டையை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மலை வந்துவிடும். ஆனால் அளவுப்படி ஒட்டினால், எவ்வளவு பெரிய மலையும் ஆறிப்போன தோசை மாதிரித்தான் மேசையில் கிடக்கும். அதனால் நான் ஒரு கோட்டுக்கு இரண்டு அட்டை வைப்பேன். மலை செய்கிறவர்கள் பலரும் செய்கிற களவுதான். தூரம் சரியாக இருக்கும், உயரம் மட்டும் இரண்டு மடங்காகும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது போதும்.

மாசி மாதம் ஒரு காலையில் மேபல் ரீச்சர் படியேறி வந்தார். கண்டியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புச் சேலை.

"சேர் மலை செய்வீங்கன்னு சொன்னாங்க."

"மலை மட்டுமில்லை, தங்கச்சி. கேட்டால் கடலும் செய்வன். ஈரம் மட்டும் இராது."

அவர் சிரிக்கவில்லை. ஹாஜியார் கையிலிருந்த பஸ்ஸை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

ரீச்சருக்கு ஒரே மகன், எஸ்ரன். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதல் நியமனம். குவாட்டர்ஸில் தனியாக இருந்தான். போன கார்த்திகையில் அந்தப் பெருமழை பெய்த பின்னேரம், ஐந்து இருபதுக்குத் தாய்க்குப் போன் அடித்திருக்கிறான்.

"'அம்மா, லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் அப்பவே மேல கோயிலுக்குப் போயிட்டாங்க, நானும் போகட்டுமா'ன்னு கேட்டான். நாந்தான் சொன்னேன். 'நனையாத, உனக்கு வீசிங் வந்துரும், கதவச் சாத்திட்டுப் படுத்துக்க'ன்னு. சரிம்மான்னான்." ரீச்சரின் குரல் ஆடவேயில்லை. "ஆறு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கப்ப மண்ணு வந்துச்சு."

ஹாஜியார் கொதித்த கேத்தலை இறக்கிவைத்தார்.

"இருபது நிமிஷம், சேர். போன்னு சொல்லியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பானா? யாரக் கேட்டாலும் 'உங்க மேல தப்பில்ல ரீச்சர்'ங்கிறாங்க. சர்ச் சாமியாரும் அதையேதான் சொல்றாரு. அங்க போய்ப் பாக்கலாம்னா எனக்குக் கால் வர மாட்டேங்குது. குவாட்டர்ஸ் எங்க, கோயில் எங்க, நடுவுல எவ்வளவு தூரம்? அத ஒருதடவ என் கண்ணால பாக்கணும்."

மூன்று வாரம் அந்த வேலைதான். என்னிடமிருந்த வரைபடம் பழையது. அதில் மலை சரியாமல் முழுதாக இருந்தது. குவாட்டர்ஸ் ஒரு சிறு கறுப்புச் சதுரமாக உயிரோடு இருந்தது. பாதையின் ஒவ்வொரு வளைவையும் நூல் வைத்து அளந்தேன். அறுநூற்றுப் பத்து மீற்றர், தலைமயிரளவு பிசகில்லை. மண்ணுக்குத் தேயிலைத் தூள், தேயிலைச் செடிக்குச் சாயம் போட்ட ஸ்பொஞ்ச். ஹாஜியார் பஸ்ஸை மூடிவைத்துவிட்டுக் குவாட்டர்ஸையும் கோயிலையும் பிளேட்டால் செதுக்கினார். கோயிலுக்குக் குண்டூசித் தலையளவில் மணிகூட வைத்தார். இதைவிட நல்ல மலையை இந்த மாகாணத்தில் கடவுள் ஒருவர்தான் செய்திருக்கிறார் என்று நான் சொன்னதற்கு, அஸ்தஃபிருல்லாஹ் என்று தலையிலடித்துக்கொண்டார்.

ரீச்சர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குவாட்டர்ஸில் விரலை வைத்து மேலே நகர்த்தினார். பாதி வழியில் விரல் நின்றது.

"இவ்வளவு செங்குத்தா? சேர், இதுல ஆடுகூட ஏறாதே."

நான் மலையின் ஓரத்தில் அட்டை அடுக்கைப் பார்த்தேன்.

"அப்ப முடியாது," என்றார் ரீச்சர். "அந்த மழையில, இருபது நிமிஷத்துல... அவனால முடிஞ்சிருக்காது." கதிரையில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் இறங்கின. ஹாஜியார் கொடுத்த பிளேன்ரீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொரு கப் கிடைக்குமா என்று கேட்டார். வியாழக்கிழமை வந்து மலையை எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டு, வந்த நாள் முதல் நாங்கள் காணாத ஒரு நடையில் படியிறங்கிப் போனார்.

ஹாஜியார் கப்புகளைக் கழுவினார். முதுகைத் திருப்பாமலே கேட்டார்.

"சேர், எத்தன அட்ட?"

"எது?"

"ஒரு கோட்டுக்கு."

"இரண்டு. கை பழகிப்போச்சு, ஹாஜியார். தூரத்தைத்தான் கேட்டவ. தூரம் சரியாத்தானே இருக்கு."

"சொல்லப் போறீங்களா?"

"நீங்கள் எண்டால் சொல்லுவீங்களோ?"

"நான் பஸ் செய்ற ஆள். என்னக் கேக்க வாணாம்." தண்ணீர்க் குழாயை மூடினார். "அந்த மனிசி ரெண்டாவது கப் கேட்டாங்க, பாத்தீங்கதானே?"

பார்த்தேன். வியாழக்கிழமைவரை இரண்டு நாளும் அதுதான் என்னை அரித்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன புளுகுகளை அடுக்கினால் நாட்டிலேயே உயரமான பீதுருதாலகாலை மலை அதற்கு முழங்காலளவுக்குத்தான் வரும். ஆனால் எல்லாம், கேட்கிறவருக்கும் புளுகென்று தெரிந்த புளுகுகள். இதை அவர் நம்பிவிட்டார். பேசாமலிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தூக்கம் வரும். எவ்வளவு யோசித்தும் பேசாமலிருப்பதில் ஒரு குற்றமும் எனக்குப் புலப்படவில்லை. ஆனாலும் என்னால் அந்த மலையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை ரீச்சர் மலையை மூட வெள்ளைத்துணி ஒன்றோடு வந்தார். அவர் அதை விரித்து முடிக்குமுன் சொல்லிவிட்டேன்.

"தங்கச்சி, மலை பிழை. உயரம் இரண்டு மடங்கு. வடிவுக்காக நான் எப்பவும் அப்பிடித்தான் செய்யிறனான். உங்களுக்கும் அப்பிடிச் செய்துபோட்டன்."

துணி பாதி விரிந்தபடி அவர் கையில் நின்றது. கீழே கடையில் யாரோ ஆணி நிறுக்கும் சத்தம் கேட்டது.

"சரியா செய்ய முடியுமா?"

"முடியும். உச்சியிலிருந்து கழட்டிக்கொண்டு வந்து, கோட்டுக்கு ஒண்டை மட்டும் திருப்பி ஒட்டவேணும்."

"கழட்டுங்க."

மூன்று பேரும் சேர்ந்து கழற்றினோம். நான் கத்தியால் நெம்பினேன். ரீச்சர் ஒன்றுவிட்டு ஒன்றாக அட்டையை எடுத்து ஓரமாக அடுக்கினார். ஹாஜியார் கம் பூசினார். தேயிலைத் தூள் தரையெங்கும் கொட்டியது. ஹாஜியார் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் போய்வந்தும் வேலை முடியவில்லை. பின்னேரம் மூன்று மணியளவில் மலை எழுந்து நின்றது. எழுந்து நின்றது என்பதும் புளுகுதான். ஒரு சரிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப்பையோடு ஓடி ஏறக்கூடிய சரிவு.

ரீச்சர் குவாட்டர்ஸில் விரலை வைத்தார். இந்தமுறை விரல் எங்கும் நிற்காமல் கோயில் வாசலுக்குப் போனது.

"எத்தன நிமிஷம் ஆகும், சேர்?"

"வெயில் நாளிலை, இளம் ஆள் எண்டால் பன்னிரண்டு. மிஞ்சினால் பதினைஞ்சு."

"மழையில?"

ஒரு மணித்தியாலம் என்ற சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சேறு, இருட்டு, வழுக்கல் என்று அதற்குத் துணையாக இன்னும் நூறு சொற்கள் பின்னால் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"தெரியாது, தங்கச்சி."

அவர் தலையசைத்தார். "போயிருக்கலாம்," என்றார்.

"ரீச்சர், அல்லாஹ்ட நாட்டம்..." என்று ஹாஜியார் தொடங்கினார். ரீச்சர் கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க, ஹாஜியார். கெஞ்சிக் கேக்கிறேன். அவன் போயிருக்கலாம். நான்தான் போக விடல. இத நான் சொல்லும்போது ஒருத்தராவது 'அப்படியில்ல'ன்னு சொல்லாம இருக்கணும். நாலு மாசமா ஒருத்தர்கூட விடல."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ரீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமாக, மூக்கு வடிய, ஒரு தாய் அழுகிறபடி. தடுக்கப் போன என் கையை ஹாஜியார் பிடித்து நிறுத்தினார்.

அழுது முடிந்ததும், கொண்டுவந்த வெள்ளைத்துணியாலேயே முகத்தைத் துடைத்தார்.

"காலைல புசல்லாவைக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?"

"கண்டியில இருந்து அஞ்சரைக்கு ஒண்டு வரும்," என்றார் ஹாஜியார். "இந்தச் சந்திக்கு ஆறேகால்."

"நானும் வாறன், தங்கச்சி," என்றேன். "அங்க இப்ப பாதி மலைதான் இருக்கு."

"கோயில் இருக்கில்ல?"

"ஓம், இருக்கு."

"அதுவரைக்கும் நான் தனியா ஏறிக்கிறேன், சேர்."

ஹாஜியார் அவரோடு படிவரை போனார்.

"முன் சீட்டுல இருங்க ரீச்சர்," என்று அவர் சொல்வது கேட்டது. "கம்பளை தாண்டினா ரோட்டுல வளைவு கூடுதல்."